வேஸ்ட் என்று அவன் சொன்ன இருநூற்று ஐம்பது எண்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குள், திருப்பூர் வீரபாண்டியைச் சுற்றியிருந்த பதினெட்டு பனியன் கம்பெனி முதலாளிகளுக்குச் செல்போனில் கேமரா படம் நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். கை தவறி நடந்ததல்ல. நாள் பார்த்து, நேரம் பார்த்து, டீ குடித்து கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நிறுத்தினேன்.

என் தொழில் மோட்டார் பெட்டி ரிப்பேர். தையல் மிஷினுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதை ஓட்ட ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கும். கரண்ட் ஏறி இறங்கினால் முதலில் சாவது அந்தப் பெட்டிதான். ஓவர்லாக், பேட்லாக் எந்த மிஷினாக இருந்தாலும் பெட்டியைக் கழற்றி என் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். போர்டைப் பிரித்து, போன சாமானை மாற்றி, ஓட்டிக் காட்டிக் கொடுப்பேன். படிப்பு டிப்ளமோவோடு சரி. நயமாகப் பேச வராது. அந்த அக்காவுக்கு வாய் மோசம், வேலை சுத்தம் என்று கம்பெனிகளில் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

தொழில் போக எனக்கென்று இருந்தது ரேடியோ ஒன்றுதான். சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரி நான். எங்களை ஹாம் என்பார்கள். சொந்தமாக ரேடியோ வைத்து, வானத்தில் கம்பி கட்டி, உலகத்தில் எங்கிருக்கிற ஹாமோடும் பேசலாம். ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு கால்சைன் உண்டு. ரேடியோவில் நான் யாருடைய மகள், எந்த ஜாதி, எந்த வீதி என்று எவரும் கேட்டதில்லை. கால்சைனைச் சொன்னால் போதும். இதில் ஒரு விதிதான் பெரிய விதி: வியாபாரம் கூடாது. பத்து மூட்டை அரிசி அனுப்பி வை என்றுகூட ரேடியோவில் சொல்லக் கூடாது.

எனக்கு இரண்டு ரேடியோ சினேகிதர்கள். ஒருவர் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர். இன்னொருவர் மடத்துக்குளத்தில் கரும்பு வைத்திருக்கும் விவசாயி. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். மூன்று பேர் வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு கேட்கும் பெட்டி. இன்டர்நெட் வழியாக உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவனும் அதைத் திறந்து, குமிழைத் திருப்பி, எங்கள் வானத்தில் என்ன கேட்கிறது என்று கேட்கலாம். அவ்வளவுதான். இதனால் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை.

அதற்கு மாறாத ஐ.பி. எண், அதாவது இன்டர்நெட் முகவரி, வேண்டும். வீட்டு நெட்டில் எண் தினம் மாறும், வெளியிலிருந்து உள்ளே வரவும் முடியாது. ஆனால் இன்டர்நெட் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ரேடியோக்காரர்களுக்கென்று ஒரு பெரிய எண் தொகுப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓர் அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. லைசென்ஸைக் காட்டிக் கேட்டால் கொடுப்பார்கள், விலை கிடையாது. நான் கேட்டேன். இருநூற்று ஐம்பத்தாறு எண்கள் என் கால்சைன் பேரில் வந்தன. பெட்டிக்கு இரண்டாக எங்களுக்கு வேண்டியது ஆறுதான். ஆனால் அதைவிடச் சின்னத் துண்டாக வந்தால் உலகத்தில் உள்ள பெரிய ரவுட்டர் எதுவும் சீந்தாது. அதனால் முழுத் துண்டாகத்தான் தருவார்கள்.

எண் கையில் இருந்தால் மட்டும் ஒன்றும் ஓடாது. கதவில் நம்பர் எழுதிக்கொண்டால் தபால் வந்துவிடுமா? தபால்காரருக்குத் தெரிய வேண்டும். அதுபோல, சொந்த நெட்வொர்க் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, இந்த எண்களெல்லாம் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கு வருவதை என்னிடம் அனுப்புங்கள் என்று உலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் கேட்டோம். எங்கள் கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஒரு கம்பெனியில் போனை எடுத்த பெண், "மேடம், உங்க பிசினஸ் நேம் சொல்லுங்க" என்றாள். பிசினஸ் இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து நெட்காரன் கிடைத்தான். தோட்டந்துரவு உள்ள குடும்பம். முதலில் கேபிள் டி.வி. வைத்திருந்தான். பிறகு அதே போஸ்ட்டுகளில் ஃபைபர் இழுத்து நெட் கம்பெனி ஆக்கிக்கொண்டான். உலகத்துக்கு அறிவிக்கத் தேவையான நெட்வொர்க் எண் அவனிடம் சொந்தமாக இருந்தது. பட்டறைக்கு நேரிலேயே வந்தான். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன்.

"ஏனுங்க அக்கா, இருநூத்தி அம்பத்தாறு நெம்பருங்களா? அமெரிக்காக்காரன் சும்மா குடுத்தானுங்களா?"

"சும்மா யாருங்க குடுப்பாங்க? பரீச்சை எழுதி லைசென்சு வெச்சிருக்கேன். அதுக்குக் குடுத்தாங்க."

"நானு கொஞ்சம் நெம்பரு வாங்கறதுக்கு நாய் படாத பாடு படறனுங்க. நீங்க மூட்டையாக் கட்டி வெச்சிருக்கறீங்க."

"அறிவிக்க முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க தம்பி."

"என்னங்க அக்கா இப்படிக் கேட்டுப்போட்டீங்க! நம்மூருப் பேரு உலகத்துல தெரியறதுக்கு நானு காசு கேப்பனுங்களா? ஒரே ஒரு லெட்டரு மட்டும் குடுத்துருங்க. லெட்டரு இல்லாம எனக்கு மேல லைன் குடுக்கற பெரிய கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டானுங்க."

கடிதத்தை அவன் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். இரண்டே வரி. இந்த இருநூற்று ஐம்பத்தாறு எண்களையும் இவர் அறிவிக்கலாம் என்பது முதல் வரி. தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது. "அந்த ரெண்டாவது வரி இல்லாட்டித் திருப்பி அனுப்பிருவானுங்க அக்கா" என்றான். எதற்குப் பயன்படுத்தலாம் என்று நான் எழுதவில்லை. எதுவரைக்கும் என்றும் எழுதவில்லை. கால்சைன் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பனியன் உருவாக, துணி பத்து இடத்துக்குப் போகும். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், கட்டிங் ஒருவர், தையல் ஒருவர். எல்லாம் ஜாப் ஒர்க். துணி ஒருவருடையது, கிடப்பது இன்னொருவர் ஷெட்டில். கூடப் போவது ஒரே ஒரு டெலிவரி சலான். என்ன சரக்கு, எத்தனை ரோல், யாருக்கு என்று மட்டும் அதில் இருக்கும். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புகிறவன், இதை நீ விற்கக் கூடாது என்று சலானில் எழுதுவானா? எழுதினால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து சலான் பார்த்த கை என் கை. உலகத்துக்குக் காட்ட வேண்டிய கடிதத்தையும் சலான் மாதிரியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் எங்கள் மொட்டை மாடியைத் திறந்து கேட்டார்கள். உங்கள் ஊரில் பகலெல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறதே, அது என்ன என்று ஜப்பான்காரர் ஒருவர் கேட்டு எழுதினார். தையல் மிஷின் மோட்டார்கள் கிளப்பும் இரைச்சல் அது. என் பிழைப்பு அது, மன்னிக்கவும் என்று பதில் போட்டேன். மடத்துக்குளத்துக்காரர் தன் பெட்டியை எத்தனை பேர் திறந்தார்கள் என்று தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். "இன்னிக்கு நாப்பது பேருங்க! என்ற கலியாணத்துக்கே அத்தனை பேரு மதிச்சு வல்லீங்க" என்பார்.

பிறகு புகார் வந்தது. உங்கள் எண்ணிலிருந்து எங்கள் கணினியைத் திறக்கப் பார்க்கிறார்கள், நிறுத்துங்கள் என்று முன்பின் தெரியாத யாரோ ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். எண்களுக்குப் பொறுப்பு நான் என்று உலகப் பதிவில் இருப்பதால் எனக்கு வந்தது. அவர்கள் குறித்திருந்த எண் நூற்றுப் பதினேழில் முடிந்தது. நான் பயன்படுத்துவது ஒன்று முதல் ஆறு வரை. தவறாக எழுதிவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒன்பது புகார். அதற்கடுத்து முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு புது எண், நான் தொட்டே பார்க்காத எண்.

ஒரு எண்ணை பிரவுசரில் அடித்துப் பார்த்தேன். ஒரு கேமரா பெட்டியின் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் திறந்தது. மேலே கம்பெனி பெயர். அந்தக் கம்பெனியின் நான்கு மோட்டார் பெட்டிகள் அந்த நேரம் என் மேஜையில் பிரிந்து கிடந்தன.

இரண்டு நாள் கழித்து, நெட்காரனிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியன் எங்கள் வீதிக்கு லைன் பார்க்க வந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். பட்டறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"யக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதிய" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேமரா வச்சிருக்க கம்பெனி, செர்வர் வச்சிருக்க கம்பெனி எல்லாத்துக்கும் உங்க நம்பரத்தான் போட்டுக் குடுத்திருக்காவ. அதுக்குத் தனி பிளான், தனி பில்லு. மொதலாளிமாரு வீட்டுல இருந்துக்கிட்டே போன்ல தையல் லைனப் பாக்கணும்லா, அதுக்கு."

"எத்தனை கம்பெனி?"

"பதினெட்டு ஆச்சு. ஆபீஸ்ல எல்லாரும் அதுக்கு 'அக்கா ஐ.பி.'ன்னே பேரு வச்சிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குன்னு நெனச்சோம்."

அக்கா ஐ.பி. அன்று மத்தியானமே மற்ற எண்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்தக் கம்பெனிகளின் கேமரா பெட்டிகளில் எவனும் பாஸ்வேர்டை மாற்றியிருக்க மாட்டான். உள்ளே வைரஸ் புகுந்து, அங்கிருந்து கிளம்பி உலகத்தையே தட்டிக்கொண்டிருந்தது. தட்டுகிற ஒவ்வொரு தட்டிலும் என் கால்சைன் ஒட்டியிருந்தது.

அவன் ஆபீசுக்குப் போனேன். ஏ.சி. அறை. ஒளிக்கவே இல்லை அவன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"ஆமாங்க அக்கா, போட்டிருக்கறனுங்க. நீங்க புழங்கறது ஆறு நெம்பரு. மிச்சம் இருநூத்தி அம்பதும் கட்டிங் வேஸ்ட்டுதானுங்களே?"

"என்னது?"

"துணி குடுத்து வெட்டச் சொன்னா, பீஸு துணிக்காரனுக்கு, கட்டிங் வேஸ்ட்டு வெட்டறவனுக்கு. இந்த ஊருல எந்தக் கம்பெனிக்காரன் வந்து என்ற வேஸ்ட்டக் குடுன்னு கேட்டிருக்கறானுங்க? உங்க ஆறு நெம்பரையும் ஒரு நாளாச்சும் நிறுத்துனனுங்களா?"

"அது வியாபாரத்துக்குக் குடுத்த நெம்பரு இல்ல. எனக்கே அத விக்கற உரிமை கெடையாது. எடுத்துருங்க."

"எடுக்கறதுன்னா லேசுங்களா? நாலு மாசம் ஆகுமுங்க. ஒண்ணு கேக்கறனுங்க அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க மோட்டாரு பெட்டியில இருந்து கழட்டுன பழைய போர்டு, அத எந்தக் கம்பெனிக்காவது திருப்பிக் குடுத்திருக்கறீங்களா? அதுல இருந்து சாமான் கழட்டி அடுத்த பெட்டிக்குப் போட்டுக்கறீங்கல்ல?"

அவன் சொன்னது நிஜம். பழைய போர்டு ரிப்பேர்க்காரனுக்கு, அதுதான் எங்கள் ஊர் வழக்கம். என் பட்டறையில் ஒரு அலமாரி முழுக்க அப்படிப்பட்ட போர்டுகள்தான். ஆனால் பழைய போர்டில் அதைக் கொடுத்த கம்பெனிக்காரன் பெயரை எழுதி, அதை வைத்து நான் நாலு வீட்டுப் பூட்டை உடைத்ததில்லை. இந்தப் பதில் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தோன்றியது. சரியான பதில் சரியான நேரத்தில் வராததற்கும் சேர்த்துத்தான் அவன்மேல் கோபம்.

அடுத்த திங்கட்கிழமை அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. மேலே என் பெயர் இல்லை, என் கால்சைன் இருந்தது. உங்களுக்கு ஒதுக்கிய எண்கள் வியாபாரத்துக்குப் பயன்படுவதாகத் தெரிகிறது. தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம் என்று நீங்களே கையெழுத்திட்ட கடிதம் மேலே உள்ள நெட்வொர்க்கிடமிருந்து எங்களுக்குக் கிடைத்துள்ளது. இரண்டு வாரத்துக்குள் இதை நிறுத்த வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால், செய்தவர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு தர வேண்டும். இல்லாவிட்டால் எண்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விதியை மீறியவர்கள் பட்டியலில் உங்கள் கால்சைனைச் சேர்ப்போம். மரியாதையான கடிதம்தான்.

எண்கள் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. அந்தப் பட்டியலில் என் கால்சைன் ஏறினால் பிறகு ரேடியோவில் எந்த முகத்தோடு பேசுவது? எனக்கு ஊரில் கிடைக்காத மரியாதையெல்லாம் அந்த எழுத்துகளுக்குள்தான் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அவனிடம் போனேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். 'ங்க' போட்டுத்தான் கேட்டேன்.

"எழுதிக் குடுத்துட்டு நானு மாட்டிக்கறதுங்களா? லைசென்சு போயிருமுங்க அக்கா." சிரித்தான். "உங்களுது ஹலோ ஹலோன்னு வெளையாடற வெளையாட்டு. இது போனா வேற வெளையாட்டு இல்லீங்களா? தாயம் ஆடுங்க, பல்லாங்குழி ஆடுங்க. பொம்பளைங்களுக்கு அது நல்லாவும் இருக்கும்."

பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று காங்கேயத்து நண்பருக்குப் போன் செய்தேன். ரேடியோவில் இதைப் பேச முடியாது, எல்லாரும் கேட்பார்கள். அவர் எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர்.

"கம்பெனிக்காரங்க என்னங்க பண்ணுனாங்க பாவம்? அவிங்களுக்கு யாரு நெம்பருன்னு தெரியுமுங்களா?" என்றார். "ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருவோமுங்க. வேற நெம்பருக்கு மாறிக்கட்டும். அப்பறம் நிறுத்திக்கலாம்."

"என்ற கால்சைன வித்துத் தின்னானே, அவன் எனக்கு ஒரு வாரம் முன்னாடி சொன்னானா?"

"அதுக்கில்லீங்க..."

"சொன்னா அவன் சூதானமா மாத்திக்குவான். மாத்திட்டுச் சிரிப்பான். எழுதியும் குடுக்க மாட்டான். எனக்கு அவன் எழுதிக் குடுக்கோணும்."

"உங்களுக்கு எழுத்து வேணுமா, அவன் அழோணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்."

அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. உதவியும் செய்யவில்லை.

செய்ய வேண்டியது எனக்கே தெரியும். இப்போதெல்லாம் மேலே இருக்கும் பெரிய நெட்வொர்க்குகள் காகிதக் கடிதத்தைவிட ஒரு டிஜிட்டல் முத்திரையைத்தான் நம்புகின்றன. இந்த எண்களை அறிவிக்க இன்ன நெட்வொர்க்குக்கு மட்டும் உரிமை என்று அதில் இருக்கும். அந்த அமெரிக்க அமைப்பின் இணையதளத்தில் நுழைந்து நானே அதை மாற்றலாம். நெட்வொர்க் எண் கேட்கும் இடத்தில் பூஜ்யம் போட்டால், உலகத்தில் யாருக்குமே உரிமை இல்லை என்று பொருள். அதன் பிறகு அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் எவனும் கேட்க மாட்டான். பூஜ்யம் போட்டால் எங்கள் மூன்று பெட்டியும் சேர்ந்துதான் அணையும். அது தெரிந்தேதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பதினெட்டில் பெரிய கம்பெனிக்கு அன்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருவதாகவும், எங்கே இருந்தும் லைனைப் பார்க்கலாம் என்று போட்டுக் காட்டப்போவதாகவும், நெட்காரன் புதுச்சட்டையோடு அங்கே நிற்கப்போவதாகவும் அந்தத் திருநெல்வேலிக்காரன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். அந்தக் கம்பெனி எனக்குப் பத்து வருட வாடிக்கை. இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்தேகாலுக்குப் பூஜ்யம் போட்டேன். நம் எண்கள் உலகத்தில் எங்கெல்லாம் தெரிகின்றன என்று காட்டும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்நூற்றுச் சொச்சம் இடங்களில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருநூற்று எழுபது. பிறகு நூற்றுத் தொண்ணூறு. ஒரு பெரிய நெட்வொர்க் கைவிட்டதும் ஒரேயடியாக நாற்பதுக்கு இறங்கியது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. பதினொன்றுக்குள் பூஜ்யம்.

பத்து ஐம்பதிலிருந்தே அவன் போன் வர ஆரம்பித்துவிட்டது. பதினோரு தடவை அடித்தான். ஒவ்வொரு தடவையும் முழுதாக அடித்து ஓயும்வரை மணியைக் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்தான். புதுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, என்னங்க பண்ணுனீங்க? பையரு முன்னாடி ஸ்கிரீனு கருப்பா நிக்குதுங்க! அந்த மொதலாளி எல்லாத்துக்கும் முன்னாடி என்னைய வெளிய போடான்னுட்டாருங்க!"

"அப்படியா?"

"போட்டு உடுங்க அக்கா, கால்ல வேணாலும் உழுகறனுங்க. ஒரு வாரம். ஒரே வாரம் உடுங்க, அல்லாத்தையும் மாத்திக்கறேன்."

"உன்ற லெட்டர்பேடு கொண்டுட்டு வந்தியா?" எங்கள் ஊரில் 'ங்க' விட்டுப்போவது சாதாரண விஷயமல்ல. அவன் முகம் சுருங்கியது.

வண்டியிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். மேஜையில் மோட்டார் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணினேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இந்த எண்களை உரியவருக்குத் தெரியாமல் பதினெட்டு கம்பெனிகளுக்கு விலைக்குக் கொடுத்தேன். அவர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. இதில் அவருக்குப் பங்கில்லை. தமிழில் ஒரு தாள், இங்கிலீஷில் ஒரு தாள். நிறுத்தச் சொல்லியும் என்கிற இடத்தில் பேனாவைத் தூக்கினான்.

"இது வேணுங்களா அக்கா?"

"வேணும்."

"எழுதுனா ஒரு வாரம் குடுப்பீங்கல்ல?"

"எழுது. அப்பறம் பேசிக்கலாம்."

எழுதினான். கையெழுத்து, சீல். போட்டோ எடுத்து அங்கேயே அவன் முன்னாலேயே அமெரிக்காவுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததென்று காட்டியதும் லேப்டாப்பை மூடினேன்.

"அப்பறமுங்க அக்கா? ஒரு வாரம்?"

"ஒரு நிமிசங்கூடக் கெடையாது."

"பேசிக்கலாம்னீங்களே!"

"பேசியாச்சு. எழுதுனது போக லெட்டர்பேடுல மிச்சம் இருக்குது பாரு, அத எடுத்துட்டுப் போ. வேஸ்ட்டு வேலைக்காரனுக்குத்தான்."

அவன் கண் கலங்கியிருந்தது. பார்த்தேன். பார்க்கத்தானே அத்தனையும்.

சாயங்காலம் அந்தப் பெரிய கம்பெனியின் செக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்கு வந்தாள். சூப்பர்வைசர் ஒரு மோட்டார் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார். "இன்னிக்குக் கேமரா ஓடுலீங்களாமாங்க அக்கா" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "மத்தியானம் ஒட்டுக்கா அல்லாரும் உக்காந்து டீ குடிச்சமுங்க. இத்தனை வருசத்துல இப்பத்தான் டீ சுடச்சுட உள்ள போச்சு." அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த கடைசிப் பெட்டி அது. முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் வேறு ரிப்பேர்க்காரனைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாளில் நெட்காரன் வேறு எண்கள் பிடித்துப் பாதிக் கம்பெனிகளைத் திரும்ப ஓட்டினான். மீதிப் பேர் வேறு இடம் போய்விட்டார்கள். யார் எனக்குச் சொன்னது என்று தேடி, அந்தத் திருநெல்வேலிக்காரனை வேலையை விட்டு நிறுத்தினான். நான் அந்த ஆளுக்கு நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. இந்த ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் பாவத்தையும் நான் நெட்காரன் தலையில்தான் போடுவேன்.

அமைப்பிலிருந்து பதில் வந்தது. எண்கள் உங்களிடமே இருக்கலாம். பட்டியலில் உங்கள் கால்சைன் சேர்க்கப்படாது. இனி அறிவிப்பதென்றால், எதற்கு, எதுவரை என்று எழுதிய புதுக் கடிதம் வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன்.

அடுத்து அறிவிப்பதற்கு ஆள் தேடினோம். திருப்பூர், பல்லடம், காங்கேயம், கோயம்புத்தூர் என்று சின்ன நெட்காரர்கள் அத்தனை பேரிடமும் கேட்டோம். எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே வாட்ஸ்அப் குரூப். ஒருவர் நேராகவே சொன்னார்: "வீரபாண்டி அக்கா கையெழுத்துங்களா? குடுக்கறதும் தெரியாது, புடுங்கறதும் தெரியாது. நமக்கு வேண்டாமுங்க." மூன்று மொட்டை மாடியிலும் பெட்டிகள் சும்மா கிடந்தன.

ஆறேழு மாதம் போனது. போன மாதம் நெட்காரனே ஆள் அனுப்பினான். மேலே இருக்கிற கம்பெனி அவனைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவன் எதை அறிவித்தாலும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். நான் முறையாக ஒரு கடிதம் கொடுத்து, அதே எண்களை அவன் மறுபடி ஒழுங்காக அறிவித்தால், அந்தக் கறை போய்விடுமாம். ஆறு எண் போக மீதியைத் தொடவே மாட்டானாம். முடிவு தேதி நானே போட்டுக்கொள்ளலாமாம்.

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றே மடத்துக்குளத்துக்காரர் போன் செய்தார். அவருக்கும் ஆள் போயிருந்தது.

"அந்தப் பையன் இனித் தப்புப் பண்ண மாட்டானுங்க. பூட்டுப் போட்ட மாதிரி லெட்டரு எழுதிக் குடுங்க. நம்ம பெட்டிக்காகவாச்சும்."

"மாட்டேங்க."

"அவன உட்டா நமக்கு வேற ஆளே இல்லீங்களே?"

"தெரியுமுங்க."

"அவன் காதத் திருகறதுன்னு, நம்ம மூணு பேரு காதையுமில்லீங்க அடைச்சு வெச்சிருக்கறீங்க? என்ற பெட்டிய நாப்பது பேரு கேட்டாங்க. இப்ப நானு மட்டுந்தான் கேக்கறேன்."

"என்ற பேருல இருக்கற நெம்பரு. அவன் வாயில அது வரக் கூடாதுங்க."

"நீங்க இதுக்குத்தானுங்களா அந்த நெம்பர வாங்குனீங்க?"

இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். அவர் வைத்துவிட்டார்.

ஒதுக்கீட்டைத் தொடர விருப்பமா என்று அந்த அமைப்பு அவ்வப்போது கேட்கும். ஆம் என்ற பட்டனை அழுத்துகிறேன். முத்திரையில் நெட்வொர்க் எண் இருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். பூஜ்யம் அப்படியே இருக்கிறது. இருநூற்று ஐம்பத்தாறும் என்னுடையவை. அவன் இன்னும் சந்தேகப் பட்டியலில்தான் இருக்கிறான்.